ஜெயவேலின் ராக்கெட் கண்ணில் பட்ட நாள்

சுதாகரைப் பார்த்தாலே ஜெயவேலுக்கு வயிறு எரியும். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஜெயவேல் ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். சுதாகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவன். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு அறிவியல் முகாமில் அட்டை ராக்கெட் செய்யக் கற்றுக்கொண்டு, இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமையானால் கோட்டை மைதானத்தில் கூட்டம்தான்.

சுதாகரின் ராக்கெட் இரண்டு தென்னை உயரம் போகும். சிவப்புப் பாராசூட் குடையை விரித்து ஆடி ஆடி இறங்கும். ஜனம் கைதட்டும். ஜெயவேலுடையதோ சீறிக்கொண்டு கிளம்பிக் கண்ணுக்கே தெரியாமல் போய், எங்கேயோ வயலில் விழும்.

"இன்னாபா, புஸ்ஸுனு பூடுச்சா?" என்பார்கள்.

சுதாகருடையதைவிட நாலு மடங்கு உயரம் என்று இவர் தொண்டை கிழியக் கத்துவார். பார்க்காத உயரத்தை யார் ஒத்துக்கொள்வார்கள்? அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

உச்சிக்குப் போனதும் உள்ளேயிருக்கும் சின்ன மருந்து வெடித்து ராக்கெட்டின் மூக்கைத் தள்ளிவிடும். அங்கே கலர்ப் பொடியை அடைத்தால் புகைபோலப் பரவும், ஊரே பார்க்கும் என்று ஜெயவேல் கணக்குப் போட்டார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சாயக்காரர் கை சும்மா இருக்குமா? அந்த வருஷம் ஜவுளிக்கடைக்காரர்கள் அடித்துப்பிடித்துக் கேட்ட மயில்கழுத்து நீலத்தைக் கோலமாவில் கலந்து அடைத்தார். நீல வானத்தில் நீலப் பொடி. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"ஆகாசத்துல ஆகாசத்தத் தேடச் சொல்றீங்களேண்ணா!" என்றான் சுதாகர். மைதானமே சிரித்தது.

கருப்பு பளிச்சென்று தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? முகூர்த்தப் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை அவருடையது. கருப்பை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். அந்தப் பட்டறைக்குள் உட்கார்ந்து, சாய அடுப்பின் கரியை இடித்துச் சலித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து மனைவி ஜெயம் பதறினாள்.

"தாலி கட்ற பட்டு காயுற எடத்துல கரியக் கொட்டிகினு கீறீங்களே! ஒங்களோட பெரிய பேஜாராப் போச்சு."

"அவன் சிரிச்சாண்டி" என்றார் ஜெயவேல்.

அடுத்த ஞாயிறு ஜெயமும் மைதானத்துக்கு வந்திருந்தாள். ராக்கெட் கிளம்பியது. ஜெயவேல் அண்ணாந்து பார்க்கவில்லை. சுதாகரின் மூஞ்சி சுருங்குவதைப் பார்க்க வேண்டும் அவருக்கு. அதற்காகத்தானே இத்தனை பாடு!

"அதோ! அதோ!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. அப்போதும் அவர் கண் அவன் மேலேயே இருந்தது. இப்போது சுருங்கும், இப்போது சுருங்கும் என்று காத்திருந்தார். சுருங்கவில்லை. அவன் வாயைப் பிளந்து மேலே பார்த்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக் குதித்துக் கை தட்டினான். இவர் தலையைத் தூக்கியபோது காற்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டிருந்தது.

சுதாகர் ஓடிவந்து கையைப் பிடித்தான். "இன்னா ஒசரம்ணா! பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார்.

வீட்டுக்கு நடக்கையில் ஜெயத்திடம் மெதுவாகக் கேட்டார்: "அது எப்படிடி இருந்துச்சு?"