சாம்பலின் வயது, முன்னப்பின்ன

முடிபோல் மெலிந்த தூரிகையின் நுனியை நீரில் தொட்டு, நுண்ணோக்கியின் கீழ் ஒரு படிக மணியை ஒற்றியெடுத்து வலப்பக்கம் வைக்கிறார். அடுத்தது மங்கல், அது இடப்பக்கம். ஆய்வகத்தில் அவருக்குச் ‘சாம்பல் அக்கா’ என்றே பெயர். ஏரியடியைத் துளைத்து எடுத்த மண்தண்டுகளில் பழைய எரிமலைச் சாம்பல் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். அதிலுள்ள மணிகளைப் பொறுக்கி, உருக்கி, காலப்போக்கில் அவற்றுள் ஊறிச் சேர்ந்த வாயுவை அளந்தால் மலை வெடித்த காலம் தெரியவரும்.

எந்தக் கணக்கையும் அவர் ஒற்றை எண்ணாகச் சொன்னதில்லை. வீடு திரும்பும் நேரத்தை மாமியார் தொலைபேசியில் கேட்டால், “ஆறு மணி அத்தை. முன்னப்பின்ன அரை மணி” என்பார்.

“கல்யாணம் பேசினப்ப உன் வயசையும் உங்கப்பா அப்படித்தாம்மா சொன்னாரு. ஊரே சாம்பலைக் கூட்டித் தள்ளுது; நீ அதுகிட்ட வயசு கேட்டுக்கிட்டு நிக்கற” என்பது மறுமுனையின் பதில்.

அன்று தட்டில் இருந்தது, ஒப்பந்தப் பணியில் இருக்கும் எதிர்மேசைத் தம்பி தன் ஆய்வுக்காக எடுத்துவந்த சாம்பல். மண்தண்டில் அதன் கீழே வெதுவெதுப்பான காலத்தின் பழுப்புச் சேறு. மேலே பனியுகக் குளிர் இறங்கிய காலத்தின் வெளிறிய களிமண். துருவத்தில் குளிர் தொடங்கியதாக அங்குள்ள பனிப்படிவுகள் காட்டும் அதே காலத்தில்தான் இந்த ஏரியிலும் தொடங்கியதா, பிந்தியா என்பதை அந்தச் சாம்பலின் வயது சொல்லும். சொன்னால் அவன் பணி நீளும். இல்லையேல் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

தெளிந்த மணிகளோ நகக்கண்ணில் அடங்கிவிடும். அவற்றை மட்டும் உருக்கினால் வாயு போதாமல், வயதின் முன்னப்பின்ன பல ஆயிரம் ஆண்டுகளாக விரிந்து, கேள்வியையே விழுங்கிவிடும். மங்கலையும் சேர்த்தால் அது ஒடுங்கும்.

“அக்கா, மங்கலும் அதே மலையிலேருந்து வந்ததுதானே. சேத்துடுங்களேன்.”

“மலை அதேதான் தம்பி. வெடிக்கறப்ப வழியில கெடந்த பழங்கல்லையும் இடிச்சு இழுத்துட்டு வருமே. கல்யாணக் கூட்டத்துல கூப்பிடாதவனும் பந்தியில உக்காந்துடுவான். அதுல கெழவன் ஒருத்தன் நுழைஞ்சாப் போதும், மொத்தத்துக்கும் வயசு ஏறிடும்.”

“மங்கல் எல்லாமே பழசா என்ன?”

“இல்ல.”

“அப்புறம்?”

“எது பழசு, எது இல்லேன்னு எனக்குத் தெரியாதே.”

அவன் சிரிக்க முயன்றான். “என் வேலைக்கு மட்டும் முன்னப்பின்ன கிடையாதுக்கா. மாசக் கடைசியோட சரி.”

அவர் தூரிகையை மறுபடி நனைத்தார். எஞ்சியிருந்த ஒரு மணி பாதி தெளிவு, பாதி மங்கல். விளக்கைச் சாய்த்தார்; மணியைப் புரட்டினார்; வலப்பக்கம் வரை கொண்டுபோனார். தூரிகை அங்கே சற்று நின்றது. பிறகு இடப்பக்கம் வந்து மணியை இறக்கியது.

தட்டின்மேல் குனிந்தபடியே அவன் நெடுமூச்செறிந்தான். அது எட்டுமுன், தெளிந்த மணிகள் பறந்துவிடாதபடி அவர் உள்ளங்கையைக் குவித்து அவற்றை மூடினார்.