காத்துக் குழாயில குளவிக்கூடு

இதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க, சிரிச்சுக்குங்க, வேற யாராவது எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். பேய், ஆவி, பர்மாக்காரங்க கும்பிடுற நாட் சாமி, நம்ம ஆளுங்க குறி கேக்கறது, எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷமா எங்களுக்குப் பிள்ளை இல்ல. என் வீட்டுக்காரி தனம் கோயில் மரத்துல தொட்டில் கட்டிட்டு வருவா, நான் "மரமா பெத்துத் தரப்போகுது"ன்னு நக்கல் பண்ணுவேன். அப்படிப்பட்ட ஆளு நான்.

பர்மாவுல பபேடான்ங்கற பேட்டையில எனக்கு ஆணி, கீலு, கம்பி வலை விக்கிற சின்னக் கடை, அதே கட்டடத்துல மூணாவது மாடியில வீடு. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாத ஊரு, தனத்துக்கு மூட்டுவலி, சாயங்காலம் வெந்நீர்ல குளிச்சாத்தான் ராத்திரி காலை நீட்டிப் படுக்க முடியும். அதுக்காக கேஸ்ல ஓடுற பழைய ஹீட்டர் ஒண்ணு வாங்கிக் குளியலறையில மாட்டினோம். அது எரியறதுக்கு வெளிக்காத்து வேணும், அதுக்கு ஒரு குழாய் சுவத்தைத் துளைச்சுக்கிட்டுப் பின்சந்துப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். மாட்டின கோ டுன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், "அண்ணே, குழாய் வாயில வலை போட்ருங்க, பின்சந்து பூரா எலி, பல்லி, பூச்சி, உள்ள போய் அடைச்சா காத்து வராது, காத்து வராம எரிஞ்சா அது விஷம்." சரிப்பான்னேன். வாத்தியார் பிள்ளை மக்குன்னு சொல்வாங்களே அந்தக் கதைதான், கடையில சுருள் சுருளா வலை விக்கிறவன் வீட்டுக் குழாய்க்கு ஒரு சாண் வலை போட மூணு வாரமாச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை வலையும் குறடும் எடுத்துக்கிட்டுப் பின்பக்கத் திட்டுல இறங்கினேன். குழாய் வாய்க்குள்ள மண் ஒட்டியிருந்துச்சு. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே குளவி ஒண்ணு ஈரமண் உருண்டையோட வந்து உள்ள நுழைஞ்சுது. வீட்டுல குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ளை உண்டாகும், கலைக்கக் கூடாதுன்னு நம்ம ஆளுங்க மத்தியில ஒரு பேச்சு உண்டே, அதைக் கேட்டு எத்தனை தடவை சிரிச்சிருப்பேன். ஆனா நம்புனா நம்புங்க, குறடு பிடிச்ச கை அப்படியே நின்னு போச்சு. கருமண்ணா இருந்துச்சு, கருமண்ணுன்னா ஆம்பளப் பிள்ளைன்னு வேற சொல்லுவாங்க. வலையைச் சுருட்டித் தண்ணி டிரம்முக்குப் பின்னாடி சொருகிட்டு உள்ள வந்தேன். "போட்டாச்சாங்க?"ன்னா தனம். "போட்டாச்சு"ன்னேன். இத்தனை வருஷம் கிண்டல் பண்ணிட்டு இப்ப எந்த வாயால சொல்றது, எனக்கும் ஆசை இருக்குன்னு.

ரெண்டு வாரத்துல தனத்துக்குத் தலை சுத்தல், வாந்தி. சாயங்காலம் குளிச்சிட்டு வந்தா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அவ என்ன நினைச்சாளோ, என் முகத்தைப் பார்த்து லேசாச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். டாக்டர்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுப் போவோம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம், இப்பவே போய் இல்லேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுங்கற பயம். மாங்காய் ஊறுகா வாங்கிட்டு வந்து குடுத்தேன். அந்த நாளெல்லாம் நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன், அதை நினைச்சாத்தான் இப்பக் கூசுது.

எங்க தெருவுல ஒவ்வொரு மாடியில இருந்தும் ஒரு கயிறு தொங்கும். கீழ இருக்கிறவங்க இழுத்தா மேல மணி அடிக்கும், பேப்பரோ காய்கறியோ நுனியில இருக்கிற கிளிப்புல மாட்டிவிட்டா மேல தூக்கிக்குவாங்க. எங்க கயிறு முன்பக்க வராந்தாவுல இருந்து கடைவாசலுக்குத் தொங்கும். தனம் மேல இருந்து சுண்டி இழுத்தா கிளிப்பு கடைத் தகரத்துல தட்டும், மேல வாங்கன்னு அர்த்தம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரை இருக்கும், கரண்ட் இல்ல, தெரு பூரா ஜெனரேட்டர் சத்தம். ஒருத்தருக்கு ஆணி நிறுத்துக்கிட்டு இருந்தேன். கிளிப்பு தகரத்துல தட்டுச்சு. வாசலுக்கு வந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன், தகரம் மறைச்சுக்கிட்டு மேல ஒண்ணும் தெரியல, திரும்ப வந்து தராசைப் பிடிச்சேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தட்டுச்சு. "வரேன் வரேன்"னு முனகிட்டு அடுத்த ஆளுக்குக் கீலு தேடினேன். மூணாவது தடவை இழுத்த இழுப்புல கிளிப்பு உடைஞ்சு தரையில விழுந்துச்சு. எனக்குக் கோபம் வந்துருச்சு, என்ன அவசரம் இவளுக்குன்னு திட்டறதுக்கு வார்த்தை சேர்த்துக்கிட்டே மாடி ஏறினேன்.

சாவி போட்டுத் திறந்தேன். முன்பக்க வராந்தாக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டு இருந்துச்சு. வராந்தாவுல ஆளில்லை. பின்னாடி குளியலறையில தண்ணி விழற சத்தம். கூப்பிட்டேன், பதில் இல்ல. கதவை உதைச்சேன், நாலாவது உதையில தாழ்ப்பாள் தெறிச்சுது. தனம் தரையில கிடந்தா. எப்படித் தூக்கினேன், எப்படி வராந்தா வரைக்கும் இழுத்துட்டு வந்தேன், எனக்குத் தெரியாது. அவ முதல் மூச்சு இருமிக்கிட்டு வரும்போது கரண்ட் வந்துச்சு, தெரு மொத்தமும் வழக்கம்போல "மீ லாபியீ", கரண்ட் வந்தாச்சுன்னு சந்தோஷமாக் கத்துச்சு. நான் அவ தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தேன்.

வயித்துல ஒண்ணும் இல்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தலை சுத்தல், வாந்தி எல்லாம் ஹீட்டர்ல இருந்து வந்த விஷக்காத்துதான். கால் மணி நேரத்துக்கு மேலயே நினைவில்லாமக் கிடந்திருக்கணும்னு டாக்டர் சொன்னார். நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், முதல் தட்டுல இருந்து நான் கதவை உதைச்ச வரைக்கும் பத்து நிமிஷம்கூட ஆகல, எப்படிப் போட்டாலும் முதல் தட்டு கேக்கறதுக்கு முன்னாடியே அவ விழுந்திருக்கணும். கேட்டவங்ககிட்ட எல்லாம் "கயிறு அசைஞ்ச உடனே ஓடிட்டேன்"னு சொன்னேன். யாரு அசைச்சதுன்னு ஒருத்தரும் கேக்கல, அவதான் விழறதுக்கு முன்னாடி இழுத்திருப்பான்னு நினைச்சுக்கிட்டாங்க.

கோ டுன் வந்து குழாயைக் கழட்டி மண்ணைத் தட்டிக் கொட்டினான். தனம் பக்கத்துல நின்னு பார்த்தா. "வலை போட்டேன்னு சொன்னீங்களே"ன்னு மட்டும் கேட்டா. அவ அந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தா, எதுக்காக விட்டுவச்சேன்னு அவளுக்குப் புரிஞ்சிருச்சு. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

எதிர் மாடியில டோ சான்னு ஒரு தையக்காரம்மா, எப்பவும் ஜன்னலோரம் மிஷின்ல இருக்கும். மாண்டலேல மக வீட்டுக்குக் கிளம்பற அன்னைக்குக் கடைக்கு வந்து ஏதோ வாங்கிட்டு, பர்மியத்துல மெதுவா எங்கிட்டச் சொல்லுச்சு. "கோ மணி, பொண்டாட்டி கூப்பிட்டா போகணும். அன்னைக்கு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். தலை பூரா ஈரம், சொட்டச் சொட்ட வராந்தாவுல நின்னு இழுத்தா பாவம், நீ வெளிய வந்து பார்த்துட்டு உள்ள போயிட்ட. அவ அப்படியே உன் கடையைப் பார்த்துக்கிட்டு நின்னா."

கடையில அப்ப வேற யாரும் இல்ல. அந்தம்மா அன்னைக்கே பஸ் ஏறிடுச்சு. இதையும், கயிறு எத்தனை தடவை தட்டுச்சுங்கறதையும் நான் தனத்துக்கிட்டச் சொல்லல, யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.

போன மாசம் ஒரு மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். அவ கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. அவ அண்ணன் போன்ல விசாரிச்சாராம், அவ விழுந்தது மாப்பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு. "என்ன சொன்ன?"ன்னேன். "கயிறு அசைஞ்ச உடனே வந்துட்டாருன்னு சொன்னேன்"னா. நான் சோத்துல கை வச்சேன்.

"மூணு தடவைங்க"ன்னா தனம், கீரையிலிருந்து கண்ணை எடுக்காம. "மூணாவது தடவை கை வலிச்சுது."