பாஸ் ஓவரும் பஸ்காவும்

சபையாரே, சிரிக்காமல் கேளுங்கள். கோர்ட்டில் ‘பாஸ் ஓவர்’ என்றால் பஸ்கா பண்டிகை என்று நம்பியவன் நான். எகிப்தில் சங்காரத் தூதன் இரத்தம் பூசிய வீடுகளைக் கடந்து போனது போல, வழக்கும் என் வீட்டைக் கடந்து போய்விட்டது என்று ரயிலேறினேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறேன். வயல் கூலியாக இருந்த என் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த மனையில்தான் எங்கள் வீடு இருக்கிறது. அது ஏரிப் புறம்போக்கு, இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் வந்தது. ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி எங்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அரசாங்கம் விடவில்லை. இரண்டு நீதிபதிகள் முன்னால் அப்பீல் போட்டது.

எங்கள் வக்கீலம்மா போன் செய்தார்.

“அண்ணா, புதன்கிழமை நம்ம கேஸு. இந்தத் தடவை அவரே வர்றாரு.”

“எவுரும்மா?”

“அரசாங்க அப்பீலுக்கெல்லாம் தலைமை வக்கீல். ஜூனியரா கேஸ் கட்டு தூக்கி, முப்பது வருஷமா ஏறி வந்தவரு. அவரு எழுந்து நின்னா ஜட்ஜே பேனாவ மூடிட்டுக் கேப்பாங்க.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் என்பதால் உபவாசம் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டேன். மன்னியுங்கள், அது பயம். முழங்கால் போட்டு, “ஆண்டவரே, அந்த மனுஷனுக்குத் தொண்டை கட்டட்டும்” என்று ஜெபித்தேன். மனம் உறுத்தியது. “சரி, அவரை ஜட்ஜாகவே உயர்த்தும். ஆனால் புதன்கிழமைக்குள்” என்று திருத்திக்கொண்டேன்.

என் மனைவி ரூபி கேட்டுக்கொண்டே இருந்தாள். “யோவ், ஊடு வேணும்னு கேளுய்யா. அவுரு பொழப்புல இன்னாத்துக்கு மண்ண அள்ளிப் போடுற?”

புதன்கிழமை வந்தது. அவரும் வந்தார். தொண்டை கணீரென்று இருந்தது. எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் கேஸ் கட்டைப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, “பாஸ் ஓவர், மை லார்ட்ஸ்” என்றார். நீதிபதி தலையாட்டினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. போன ஞாயிறுதான் நம் போதகர் பஸ்காவுக்கு இங்கிலீஷில் பாஸ் ஓவர் என்று சொல்லித் தந்திருந்தார்.

“ரூபி, கடந்து போயிடுச்சி!”

“வக்கீலம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு போலாம்யா.”

“அற்ப விசுவாசி! வா!”

சென்ட்ரலில் ரயில் கிளம்பியதும் போன் அடித்தது.

“எங்கண்ணா இருக்கீங்க?”

“ட்ரெயின்ல போய்க்கினு கீறோம். ஸ்தோத்திரம்மா!”

“எதுக்கு ஸ்தோத்திரம்? பாஸ் ஓவர்னா கொஞ்சம் கழிச்சு கூப்பிடுவாங்கன்னு அர்த்தம்! மத்தியானம் முதல் கேஸே நம்மளுது. அவரு சர்வே ஆபீஸ்லேர்ந்து நில வரைபடத்தையெல்லாம் வரவழைக்கிறாரு. சீக்கிரம் வாங்க!”

அடுத்த ஸ்டேஷனான பேசின் பிரிட்ஜில் குதித்து ஆட்டோ பிடித்தோம். ரூபி திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். நானும் மூடினேன். இந்த முறை தொண்டைக்கட்டும் கேட்கவில்லை, பதவி உயர்வும் கேட்கவில்லை. “ஆண்டவரே, வீடு.” அவ்வளவுதான் வாயில் வந்தது.

பிரியமானவர்களே, கஷ்டத்தை ஆண்டவரிடம் சொல்லுங்கள். வழியை மட்டும் நீங்கள் சொல்லித் தராதீர்கள். நான் கட்டச் சொன்ன தொண்டையைத்தான் அவர் எனக்காகத் திறந்தார். இப்போது நான் யாருக்கும் நோய் கேட்டு ஜெபிப்பதில்லை. அந்த வக்கீலின் பெயரைச் சொல்லி, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறேன். பயந்து நடுங்குகிறவர்களே, நீங்களும் ஆண்டவரை நம்பிப் பாருங்கள்.

நடந்தது இதுதான். மத்தியானம் அந்தத் தலைமை வக்கீல் எழுந்தார். அவர் சொல்லச் சொல்ல வக்கீலம்மா என் காதில் தமிழில் சொன்னார்: “புறம்போக்கு சர்வே நம்பர் வேற, இவங்க வீட்டு நம்பர் வேற. அளந்ததுல தப்பு எங்களுது. துறைகிட்ட பேசிட்டேன். அப்பீலை வாபஸ் வாங்குறோம்.”

அவர் உட்கார்ந்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.