மழை மறைவுப் பக்கம்

அந்த மலைத்தொடரைக் கண்மைப் பென்சிலால்தான் வரைந்தேன். சேரப்பணஞ்சேரி லேடீஸ் ஹாஸ்டலில் என் கட்டிலை ஒட்டிய சுவரில், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஓடியது. மேற்கே கடல். ஜூனில் கடற்காற்று ஏறி வந்து மேற்குச் சரிவில் மோதி, வைத்திருந்த மழையையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். நடுவில் சோலைக்காடு, உச்சியில் புல்வெளி. கிழக்குப் பக்கம் மழை மறைவு. அங்கே என்ன இருக்கப்போகிறது என்று வெறுமையாக விட்டுவிட்டேன். நான் தென்காசிக்காரி, பி.எஸ்சி. புவியியல். நாளெல்லாம் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்று ஒரே கனெக்டரைச் செருகிக்கொண்டிருந்தால் மூளைக்கும் ஏதாவது தீனி வேண்டாமா?

சொல்லத்தான் ஆளில்லை. வார்டன் அக்கா பக்கத்து மண்ணூர்க்காரர். அவரிடம் ஒருநாள் முயன்று பார்த்தேன்.

“இன்னாம்மா, செவுத்துல கிறுக்கி வெச்சிகீற?”

“மலைக்கா. இந்தப் பக்கம் மழை பெய்யும், அந்தப் பக்கம்...”

“மழையாவது, மண்ணாவது. காலி பண்றப்போ நீதான் பெய்ன்ட் அடிச்சிட்டுப் போவணும்.”

கட்டில் எனக்கு மட்டும் உரியதல்ல. பகல் ஷிஃப்டுக்காரி ஒருத்தி, இரவு ஷிஃப்டுக்காரி ஒருத்தி, இருவருக்கும் ஒரே கட்டில். ஷிஃப்ட் மாறினால் இருவருக்கும் சேர்ந்தே மாறும். அதனால் உட்கார்ந்து பேசவே முடியாது. என் பங்காளி முதுகுளத்தூர்ப் பக்கத்து அக்கா. கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்க, இன்னொருத்தி ஏற, நடுவில் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் பழக்கம். மற்றபடி தலையணையில் அவருடைய எண்ணெய் வாசனை இருக்கும்.

ஒரு மாலை வந்து பார்த்தால், வெறுமையாக விட்ட பக்கத்தில் சிவப்பு நகப் பாலிஷில் பனைமரங்கள். மறுநாள் ஆடுகள், சில வீடுகள், ஒரு கண்மாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எரிச்சலும்தான். மழையில்லாத இடத்தில் கண்மாயா? ‘தண்ணீர் எங்கிருந்து?’ என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். அதற்கு மறுநாள், மேற்கிலிருந்து மலையை அறுத்துக்கொண்டு அந்த வீடுகள் வரை ஒரு சிவப்புக் கோடு.

ஆறு மலையேறுமா என்று புரண்டு புரண்டு படுத்தேன். ஏறாது, ஆனால் மலையைவிட மூத்த ஆறாக இருந்தால் அறுக்கும். மலை எழ எழ அதுவும் அறுத்துக்கொண்டே வரும். அப்படியென்றால் என் மலைத்தொடர் முழுவதும் அக்காவின் ஆற்றுக்குப் பிந்தியது! இதை எழுதிப் போட முடியாது, நேரில் சொல்ல வேண்டும்.

அந்த வாரம்தான் அக்காவின் கான்ட்ராக்ட் முடிகிறது என்று வார்டன் சொன்னார். கடைசி நாள் காலையில் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, உங்க ஆறு சரிதான்! மலைக்கு முந்தியே அது இருந்திருக்கு!”

“ஆறா? அடி இவளே, அது ரோடுடி. அங்கிட்டு உள்ள சனம் பொழப்புக்கு இங்கிட்டு வர வேணாமா?”

“அப்ப கண்மாய்க்குத் தண்ணி?”

“எங்கூருக் கண்மாய்ல மட்டும் தண்ணியா கெடக்கு?” என்று சிரித்தார்.

“ஏம்மா, ஏர்றியா, நான் போவட்டா?” என்று டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறிவிட்டேன்.

மாலையில் அக்காவின் பை இல்லை. கட்டில் முழுக்க எனக்கே. பகலில் யாரும் படுக்காத மெத்தை சில்லென்றிருந்தது.

அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தபோதுதான் உறைத்தது. ரோடு போக வேண்டுமென்றால் கணவாய் வேண்டும். கணவாய் இருந்தால் காற்றும் வரும். தென்காசியும் மலைக்குக் கிழக்கேதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற சாரலில் நனைந்து வளர்ந்தவள், அதை எப்படி மறந்தேன்? வார்டனிடம் நம்பர் வாங்கி மறுவாரம் கூப்பிட்டேன். அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தார்.

“அக்கா, உங்க ரோட்டு வழியா காத்து வரும்க்கா. கண்மாய்க்குச் சாரல் கிடைக்கும். கொஞ்சம்தான், ஆனா கிடைக்கும்.”

“நெசமாவா? வெதச்சா வெளையுமா?”

“விளையும்க்கா, அங்க...”

“இருடி, பஸ் வந்துருச்சு.”

கம்பு வரும், மிளகாய் நன்றாகவே வரும் என்று சொல்ல அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். எங்கள் கம்பெனி மாதிரியே அங்கேயும் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. ஸ்விட்ச் ஆஃப்.