கிளாரினெட்காரரின் கீழ்ச்சொண்டு

கொழும்பிலிருந்து கல்முனைக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், ஒரு பெரிய இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். பெருமையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெலிந்த மனிதர். குழலில் பொருத்தும் நாணல் சீவலை எந்நேரமும் உதட்டில் வைத்திருந்தார்.

“நோன்பு முறியாதா காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துச் சீண்டினேன்.

“ருசியில்லாத சீவல்தானே தம்பி! நாக்குல இது படுறது தெரியிது. சொண்டுக்குத்தான் ரெண்டு நாளா ஒண்டும் தெரியுதில்ல.” கீழுதட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். “சனிக்கிழம புது இசையொண்டு, முழுக்க நான் தனிய வாசிக்கணும். அதுக்குள்ள சரியாகிடும்.”

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் ஒரு பள்ளிவாசல் முன்னால் பஸ் நின்றது. நோன்புக் கஞ்சி கொடுத்தார்கள்.

“கஞ்சி நல்ல ருசி, என்ன தம்பி?”

அவருடைய கீழுதட்டிலிருந்து கஞ்சி வழிந்து சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவேயில்லை.

“ஓம் காக்கா” என்றேன்.