பேன்ட் போட்டுக்கொண்டு வேலை கேட்டது

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரி க்ளீனர், வாலாஜாபாத் ரைஸ் மில்லில் நெல் காயப்போடுகிறவன், கிணறு வெட்டும் கூட்டத்தில் இன்ஜின் ஓட்டுகிறவன் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கத் தெரியும். ஒரே இடத்தில் இரண்டு மாதம் இருக்கத்தான் தெரியாது. அந்தத் தை மாதம் என்னவோ, ஒரு வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது.

தென்னேரிப் பக்கம் ஒரு பண்ணைக்காரருக்கு டீசல் இன்ஜின் ஓட்ட ஆள் தேவை என்றார்கள். போனேன். அழுக்கு லுங்கி, கக்கத்தில் துண்டு. வாசலுக்கு வெளியே நின்று, "ஐயா, வேலை எதுனா..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்ஜினைக் கண்ணால பாத்திருக்கியாடா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். பிரித்து மாட்டியும் இருக்கிறேன். ஆனால் அவர் பார்த்த பார்வையில் வாய் தானாக, "இல்லைங்க" என்றது. திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு லாரி டிரைவருக்குத் தொப்பை விழுந்துவிட்டதால், அவருடைய பேன்ட் எனக்கு வந்தது. துவைத்துப் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

பண்ணைக்காரருடைய வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு சமயத்தில் பெரிய மனிதர் யாராவது வரப்பில் வந்தால், நடவுப் பெண்கள் அவர் காலடியில் நாற்றுக் கட்டு ஒன்றைப் போட்டு மறித்துக்கொள்வார்கள். ஏதாவது கொடுத்தால்தான் வழி. கூலிக்காரனுக்கு இந்த மரியாதை கிடையாது. எனக்கு முன்னால் பொத்தென்று ஒரு கட்டு விழுந்தபோது பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"இன்னா சார், எங்களத் தாண்டிப் பூடுவியா?"

"நான் சார் இல்லக்கா. வேலை கேட்டுக்கினு போறேன்."

வயலே சிரித்தது. "பார்டி, ஆபீசருக்கு எவ்ளோ குறும்பு!"

"நெஜமாதான்க்கா. காலையிலேர்ந்து டீ கூட குடிக்கல."

"ஐயோ, சிரிக்க வச்சே சாவடிக்கிறாரே!"

போன மாதமும் வேலை கேட்டுத்தான் இதே வழியில் போனேன், நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்த பாக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பெரிய சலுகை போல வாங்கிக்கொண்டு வழி விட்டார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. பசியாகவும் இருக்கலாம். வரப்பில் நடந்த மாதிரியே இல்லை, மிதந்தேன்.

மோட்டார் கொட்டகையில் பண்ணைக்காரர் இன்ஜின் கைப்பிடியைச் சுற்றி வியர்த்துப்போயிருந்தார்.

"வாங்க வாங்க! மெக்கானிக் கடையிலேர்ந்துதானே? காலைலேர்ந்து பேஜார் பண்ணிக்கினு கீது. தண்ணி இல்லன்னா நடவு நின்னுடும்."

"கடை ஆள் இல்லைங்க. போன மாசம் வந்து வேலை கேட்டனே."

"தமாசு பண்ணாதீங்க. அவன் பேந்தப் பேந்த முழிச்சிக்கினு நின்ன பய."

"அந்தப் பயதாங்க நான்."

சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். இரண்டையும் சேர்க்க முடியவில்லை அவரால்.

"இன்ஜினே பாத்ததில்லன்னியேடா!"

"பயத்துல சொல்லிட்டேன். நவுருங்க, டீசல் குழாய்ல காத்து பூந்திருக்கும்."

அவரை நகரச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். வயலிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "சார் கிட்ட உடு நைனா! வெயில் ஏறுது, நாத்து வாடுது!"

அவர் நகர்ந்தார்.

டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று நுரை வந்தது. நுரை அடங்கி டீசல் மட்டும் வரும்வரை காத்திருந்து இறுக்கினேன். கைப்பிடியைப் பிடித்து மூச்சடக்கிச் சுற்றினேன். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு தடதடவென்று கொட்டகையே ஆடியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள்.

பண்ணைக்காரர் என் காதருகே வந்து என்னென்னவோ கேட்டார். இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விழவில்லை. அவர் முகம் மலர்ந்திருந்தது, அது போதும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேலை கிடைத்துவிட்டது. மாடு நான்கையும் நானே குளிப்பாட்டுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.