படத்தில் இருந்த மனிதர்

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். ஆங்கிலம் என்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்வியும் அதற்கான மூன்று வாக்கியங்களும்.

ஐந்தாம் வகுப்பில் ஆங்கில ஆசிரியை ஒரு படத்தைக் கரும்பலகையில் மாட்டுவார். கோட்டு போட்ட ஒரு மனிதர். ஓர் ஆள் பார்க்க எப்படி இருப்பார் என்று நாங்கள் ஆங்கிலத்தில் கேட்கவும் சொல்லவும் பழக வேண்டும். பாதி வகுப்பு, "வாட் டஸ் ஹி லுக் லைக்?" என்று கத்தும். மீதிப் பாதி, "ஹி இஸ் டால். ஹி ஹேஸ் எ மஸ்டாஷ். ஹி வேர்ஸ் கிளாசஸ்" என்று கத்தும். உயரமானவர், மீசைக்காரர், கண்ணாடி போட்டவர். இதைத் தவிர வேறு எதையாவது சொன்னால் விரல் முட்டியில் ரூலர் விழும். வகுப்பில் வாயே திறக்காத நான், கூட்டத்தோடு சேர்ந்து அந்த மூன்றை மட்டும் நன்றாகவே கத்தினேன்.

அப்போது அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அங்கிருந்து திரும்பிய ஒருவர், அடிபட்ட தமிழர் ஒருவர் பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், அவரிடம் அடையாள அட்டை எதுவும் இல்லை என்றும், பினாங்கு ஆள் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொல்லி, ஆஸ்பத்திரியின் நம்பரைக் கொடுத்தார். அம்மா ஒரு பையில் இரண்டு சேலைகளைத் திணித்துக்கொண்டு, பினாங்கில் நாங்கள் இருந்த டத்தோ கிராமாட்டின் தெருமுனை மளிகைக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். அது அப்பாதான் என்றால் அப்படியே ஃபெர்ரி ஏறி ரயிலைப் பிடித்துவிட வேண்டும்.

கடைக்காரர் நம்பரைச் சுழற்றி, இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"மலாய் வராதாம் லா. இங்கிலீசுதான். தம்பி பேசட்டும்."

"பேசுய்யா," என்றார் அம்மா. "பள்ளிக்கூடத்துல படிக்கிறல்ல?"

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல் வேகமாக ஏதோ சொன்னது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மை ஃபாதர், மை ஃபாதர்" என்றேன். குரல் நிதானப்பட்டது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டது.

"வாட் டஸ் ஹி லுக் லைக்?"

எனக்குத் தெரிந்த கேள்வி! மூன்று வாக்கியங்களையும் ஒரே மூச்சில், வகுப்பில் கத்துவதுபோலவே கத்தினேன்.

அப்பா குள்ளம். மீசை வைத்ததே இல்லை. கண்ணாடியும் கிடையாது. முன்பு ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இடது கை ஆட்காட்டி விரலில் பாதியை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். சாலையைக் கடக்கும்போது நான் பிடித்துக்கொள்வது அந்தப் பாதி விரலைத்தான். அது பாடத்தில் இல்லை.

குரல் சற்று நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தது. "நோ" என்றது. "சாரி" என்றது. அந்த இரண்டும் எனக்குத் தெரியும்.

"அப்பா அங்க இல்லையாம்மா."

அம்மா கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். "துரை மாதிரி பேசுறான் லா உங்க மகன்!" என்று கடைக்காரர் எனக்கு ஒரு புட்டி ஆரஞ்சு பானத்தைத் திறந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினார்.

மூன்று வாரம் கழித்து, அப்பாவோடு வேலை செய்தவர் எழுதிய கடிதம் வந்தது. அதே ஆஸ்பத்திரி. நாங்கள் பேசிய பிறகும் அப்பா ஒன்பது நாள் உயிரோடு இருந்திருக்கிறார். தேடி அலைந்து கண்டுபிடித்தவர்கள் கடைசிக் காரியத்தைத்தான் செய்ய முடிந்திருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"எம்புள்ள இங்கிலீசுல அவ்வளவு தெளிவாச் சொன்னான்க்கா. அந்தப் பாவி நர்சுதான் சரியாப் பாக்கல."

எனக்கும் அந்த நர்ஸ்மேல் கோபம் கோபமாக வந்தது. ஃபோனில் நான் என்ன சொன்னேன் என்று அம்மா சாகும்வரை என்னிடம் கேட்டதில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாராவது கேட்டால் பிழையில்லாமல் ஒப்பிக்க வேண்டும் என்று, கைகளைக் கட்டிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.